கிணற்றுக்கு உடையவர் எத்தனை பேர்

வடகரப்பதி
12 ஜனவரி 2025

செல்வலட்சுமிக்கு,

கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகளை வீட்டுக்குள் அழைத்துக் காபி கொடுத்து, கிணற்றில் உன் பங்கை நான் அழித்துவிட்டேன் என்று ஊரில் ஒரு பேச்சு நடக்கிறது. அது நீ இருக்கும் சாந்தன்பாறை வரைக்கும் வந்திருக்கும். உன் நிலத்தைக் குத்தகைக்குப் பார்க்கும் செங்கோட்டையன் என் வாசலிலேயே நின்று கேட்டார்: "ஏனுங்க பெரியம்மா, எங்க அம்மிணி பாகத்தைக் கம்ப்யூட்டர்ல அழிச்சுப்போட்டீங்களாமா?"

காபி கொடுத்தது உண்மை. அழித்தது பொய். நடந்தது வேறு. மற்றவர் வாயால் கேட்டால் ஒன்று ஒன்பதாகும் என்பதால் நானே எழுதுகிறேன். உன் அண்ணன் இறந்துபோன பிறகு நமக்குள் கடிதப் போக்குவரத்து இல்லை. இதை அதன் ஆரம்பம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். விளக்கம் என்று எடுத்துக்கொள்.

கோயமுத்தூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து மௌனிகா என்று ஒரு பெண் வருகிறாள். நம் பஞ்சாயத்தை அப்படியே கம்ப்யூட்டருக்குள் கட்டி, மழையைக் கூட்டியும் குறைத்தும் ஓடவிட்டு, எந்தக் கிணறு எந்த மாதத்தில் அடி தட்டும் என்று பார்க்கிறார்கள். சிமுலேஷன் என்று பெயர். அதை வைத்துத்தான் வரும் கோடையில் மோட்டார் ஓட்டுவதற்குப் பஞ்சாயத்து முறை போடப்போகிறது. உடையவர் ஒருவருக்கு ஒரு முறை.

இதில் என்ன சிக்கல் என்றால், ஒரே கிணற்றுக்கு வில்லேஜ் ஆபீசில் மலையாளத்தில் ஒரு பெயர், கரண்ட் ஆபீசில் ஒரு நம்பர், நம் வாயில் வேப்பமரத்துக் கிணறு. மூன்றும் ஒன்றுதான் என்று கம்ப்யூட்டருக்கு யாராவது சொல்லவேண்டும். அதற்காக ஒவ்வொரு பொருளுக்கும் ஆளுக்கும் தனித்தனி விலாசம் கொடுத்து, அது எந்த வகை, எதனோடு என்ன உறவு என்று மூன்று துண்டு வாக்கியங்களாக எழுதிவைக்கிறார்கள். 'வேப்பமரத்துக் கிணறு, உடையவர், இன்னார்.' இப்படி ஆயிரக்கணக்கில். இந்த ஏற்பாட்டுக்கு ஆன்டாலஜி என்று பெயர். கான்வென்டில் சிஸ்டர் பிலோமினா கரும்பலகையில் வாக்கியத்தை வெட்டி வெட்டிக் காட்டுவார். எனக்கு அந்த ஞாபகம் வந்தது.

அந்தப் பெண் வற்றிய கிணற்றையும் பாழுங்கிணற்றையும் ஒரே வகையில் போட்டிருந்தாள். வற்றியது மழை பெய்தால் ஊறும், பாழானது ஊறாது, இரண்டையும் ஒன்றாக்கினால் உன் மழை எங்கே போய்த் தேங்கும் என்று கேட்டேன். அதிலிருந்து வாரம் ஒரு தரம் வந்து தன் வாக்கியங்களை என்னிடம் படித்துக் காட்டுகிறாள்.

இனி உன் விஷயம். வேப்பமரத்துக் கிணற்றுக்கு உடையவர் நான் என்று ஒரு வாக்கியம். வில்லேஜ் ஆபீஸ் தரவிலிருந்து, உடையவர் நீ என்று இன்னொரு வாக்கியம். ஒரு கிணற்றுக்கு ஒரே உடையவர்தான் இருக்க முடியும் என்று பொதுவாக ஒரு விதி எழுதப்பட்டிருந்தது. நாமாக இருந்தால் இரண்டில் ஒருத்தி பொய் சொல்கிறாள் என்போம். கம்ப்யூட்டருக்கு அப்படி நினைக்க வராது. சொன்னதையெல்லாம் நம்பும். உடையவர் ஒருவர், பெயர்கள் இரண்டு. ஆகவே மயிலாத்தாளும் செல்வலட்சுமியும் ஒரே பெண்மணி என்று தீர்மானித்துவிட்டது. ஒரே பெண்மணிக்கு ஒரே முறை. பஞ்சாயத்துப் பலகையில் ஒட்டிய முறைத் தாளில் என் பெயர் மட்டும் இருந்ததற்குக் காரணம் இதுதான்.

அதோடு நிற்கவில்லை. கரண்ட் கனெக்ஷன் உன் அண்ணன் பெயரில் இருப்பதால் என் கணவர் யார் என்று அதற்குத் தெரியும். நிலத்துக்குக் கரம் கட்டிய ரசீதில் உன் கணவர் பெயர் இருக்கிறது. கணவரும் ஒருவர்தான் என்று இன்னொரு விதி. எனவே சின்னையனும் சுருளிவேலும் ஒரே ஆள். அதற்கு மேல் நான் படிக்கவில்லை.

உன் பங்கு ஆதாரப் பத்திரத்தில் இருக்கிறபடியே இருக்கிறது. இது தெரிவிப்பதற்காக மட்டும்.

மயிலாத்தாள்


சாந்தன்பாறை
25 ஜனவரி 2025

மரியாதைக்குரிய நங்கையாளுக்கு,

கடிதம் கிடைத்தது. ஆரம்பம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். சரி, நானும் ஆரம்பிக்கவில்லை. பதில்தான் எழுதுகிறேன்.

படித்துவிட்டு இவரிடம் கொடுத்தேன். அண்ணனும் இவரும் ஒரே ஆள் என்ற இடத்துக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அண்ணன் இவரை உட்காரச் சொன்னதில்லை. எஸ்டேட்காரன் என்ற சொல்லைத் தவிர வேறு பெயரில் கூப்பிட்டதும் இல்லை. "சரி, இப்பவாச்சும் உங்க அண்ணன் வீட்டுல எனக்கு ஒரு இலை போடுவாகளான்னு கேட்டு எழுது" என்றார். கேட்கச் சொன்னார், கேட்டுவிட்டேன். அன்று முழுக்க ஏலக்காய் ஸ்டோரில் பார்த்தவர்களிடமெல்லாம், "நான் இப்ப வடகரப்பதி மிராசுதாராக்கும், வழி விடு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்கள் கடிதம் ரொம்பத் தெளிவாக இருக்கிறது. எப்போதும் அப்படித்தான். ஆனால் ஒரு இடத்தில் மட்டும், 'ஒரு விதி எழுதப்பட்டிருந்தது' என்று போட்டிருக்கிறீர்கள். யார் எழுதச் சொன்னது என்று இல்லை. கோயமுத்தூர்ப் பெண்ணுக்கு எங்கள் ஊர்க் கிணற்றைப் பற்றி என்ன தெரியும்? யாராவது சொல்லியிருக்கவேண்டும். நங்கையா, அது யார்?

மூன்று வருஷத்துக்கு முன்னால் வறட்சியில் மோட்டார் ரூமைப் பூட்டினீர்கள். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் மோட்டார் எரிந்துபோகும் என்று செங்கோட்டையனிடம் சொன்னீர்களாம். இருக்கலாம். எனக்கு ஒரு வரி எழுதியிருந்தால் ஓட்டாதீர்கள் என்று நானே அவரிடம் சொல்லியிருப்பேன். என் தென்னம்பிள்ளைகள் காய்ந்துபோன பிறகுதான் எனக்குச் செய்தியே வந்தது.

இப்போது ஏன் இதைக் கேட்கிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். இவர் ஸ்டோர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று. மே மாதத்துக்குள் லயத்து வீட்டைக் காலி செய்யவேண்டும். நான் கல்யாணமாகி வந்து குடியேறிய வீடு, ஆனாலும் எஸ்டேட் வீடு. பையன் சிவப்பிரகாஷ் மூணாறில் ரிசார்ட் வேலையில் ஒற்றை அறையில் இருக்கிறான். அங்கே போய் அவன் மனைவிக்கு முன்னால் மடக்குக் கட்டில் போட்டுப் படுக்க இவருக்கு மனம் இல்லை. ஊரில் அப்பா எனக்குக் கொடுத்த இடத்தில் இரண்டு அறை எழுப்பலாம் என்று நினைத்திருந்தோம். தண்ணீர் முறை இல்லாத இடத்தில் சுவர் எழுப்பி என்ன செய்வது?

ஆகவே அந்த விதி யாருடையது என்று தெரிந்தால் நல்லது.

செல்வலட்சுமி


வடகரப்பதி
4 பிப்ரவரி 2025

செல்வலட்சுமிக்கு,

கேட்டாய், சொல்கிறேன். விதி என்னுடையது.

ஒரு கிணற்றுக்கு எத்தனை உடையவர் இருக்கலாம் என்று மௌனிகா கேட்டாள். ஒருவர்தான் என்றேன். உன்னை மனதில் வைத்துச் சொல்லவில்லை, உன்னை மறந்துவிட்டும் சொல்லவில்லை. தூர் எடுக்க ஆள் தேட ஒருவர், மோட்டாருக்கு வைண்டிங் பார்க்க ஒருவர், படி சரிந்தால் கல் அடுக்க ஒருவர் வேண்டும். இருவர் பொறுப்பு என்றால் யார் பொறுப்பும் இல்லை. இது என் அனுபவம். இன்றும் அதை மாற்றிச் சொல்லமாட்டேன்.

உன் கடிதத்தை மௌனிகாவிடம் காட்டவில்லை. கேள்வியை மட்டும் கேட்டேன். என்ன செய்யலாம் என்று. "ரெண்டு வழி இருக்குதுங்கம்மா. ரெண்டு பேர்ல ஒருத்தரை எடுத்துடலாம். இல்லாட்டி விதியை எடுத்துடலாம்" என்றாள். விதியை எடுத்தால் மற்ற கிணறுகள் என்னாகும் என்று கேட்டேன். அப்புறம்தான் சொன்னாள்: பஞ்சாயத்தில் பாதிக்கு மேல் பங்குக் கிணறுகள்தானாம், அவற்றிலெல்லாம் இதே மாதிரி அண்ணன் தம்பிகளும் மாமன் மைத்துனர்களும் ஒரே ஆளாகிக் கிடக்கிறார்களாம். வார்டு மெம்பர் பூபதிராஜாவும் அவர் கோர்ட்டில் கேஸ் நடத்தும் சித்தப்பாவும் ஒரே மனிதர். இதை முன்பே சொன்னால் என்ன என்று கோபித்தேன். "நீங்க அத்தனை உறுதியாச் சொன்னீங்க, நான் எப்படிங்கம்மா சொல்றது?" என்கிறாள்.

இரண்டு நாள் யோசித்தேன். தவறு விதியில் இல்லை, சொல்லில் இருக்கிறது என்று தோன்றியது. நான் உடையவர் என்று சொன்னது பொறுப்பாளரை. பொறுப்பாளர் ஒருவர்தான், அந்த விதி நிற்கட்டும். உடையவர் என்பது வேறு உறவு. அது எத்தனை பேராகவும் இருக்கலாம். ஒவ்வொரு உடையவருக்கும் ஒரு முறை. இப்படி இரண்டாகப் பிரித்து எழுதினால் யாரும் யாரோடும் ஒட்டிக்கொள்ளமாட்டார்கள். மௌனிகா எழுந்து நின்றுவிட்டாள். உட்காரச் சொன்னேன்.

ஆனால் பஞ்சாயத்து பழைய தாளை ஒட்டிவிட்டது. மாற்றவேண்டும் என்றால் பிப்ரவரி கடைசியில் நடக்கும் கிராம சபையில் பேசவேண்டும். உன் முறை எவ்வளவு, எந்தெந்த நாள் என்று நீ உன் கையால் எழுதி அனுப்பினால் அதைப் படித்துக் காட்டுவேன்.

சுருளிவேலுக்கு இலை போடுவதைப் பற்றிக் கேட்டிருந்தாய். அந்தக் கேள்விக்குரியவர் இப்போது இல்லை. இருக்கிறவளிடம் யாரும் இதுவரை கேட்டதில்லை.

மோட்டார் எரிந்துபோகும் என்று நான் சொன்னது உண்மை. ஒரு வரி எழுதியிருக்கலாம் என்று நீ சொன்னதும் உண்மை.

மயிலாத்தாள்


சாந்தன்பாறை
15 பிப்ரவரி 2025

அன்புள்ள நங்கையாளுக்கு,

எழுதி அனுப்பச் சொன்னதை நான் அனுப்பப்போவதில்லை. கோபித்துக்கொள்ளாமல் முழுக்கப் படியுங்கள்.

அப்பா ஆதாரத்தில் பாதிக் கிணறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பெண்பிள்ளைக்குக் கிணற்றில் பங்கா என்று அன்றைக்கு ஊரே சிரித்தது. அண்ணன் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. அப்பா மாற்றவில்லை. அதற்கு மேல் நானும் ஒரு தாளில் எனக்கு இது வேண்டும், அது வேண்டும் என்று எழுதி, அதை இன்னொருவர் சபையில் படித்து, கை தூக்கச் சொல்லி வாங்குவது எனக்குப் பிச்சை மாதிரி இருக்கிறது. நீங்கள் சொல்வது நியாயமாக இருந்தால் என் தாள் இல்லாமலும் நியாயம்தான். இதில் உங்களைப் போலவே நானும் ஒரு பிடிவாதக்காரி. அந்த வகையில் கம்ப்யூட்டர் நம் இருவரையும் ஒன்று என்றதில் பெரிய குற்றம் இல்லை.

இவருக்கு முழங்கால் முன்பு போல் இல்லை. லயத்திலிருந்து ரோட்டுக்கு இறங்க என் தோளைப் பிடித்துக்கொள்கிறார். சமவெளிக்குப் போனால் தேவலை என்கிறார், ஆனால் அங்கே யார் நம்மை வா என்று சொன்னது என்றும் அவரே சொல்கிறார். பக்கத்து வீட்டு லிஜி இப்போதே எங்கள் வீட்டைத் தனக்கு ஒதுக்கச் சொல்லி எஸ்டேட் ஆபீசுக்கு நடக்கிறாள். "சேச்சி, போறப்ப அந்த ஷெல்ப் மட்டும் விட்டுட்டுப் போகணும் கேட்டோ" என்கிறாள். பாவம், அவளுக்கும் மூன்று பிள்ளைகள்.

உங்கள் எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கிறது. முதல் கடிதத்தில் இல்லை, இரண்டாவதில் பார்த்தேன். கண்ணில் ஆபரேஷன் ஆயிற்று என்று செங்கோட்டையன் போனில் சொன்னார். யார் கூட இருந்தது? யோகப்பிரியா வந்தாளா? அமெரிக்காவிலிருந்து அம்மா கண்ணுக்கென்று வந்திருக்கமாட்டாள். சொட்டு மருந்து போட்டுவிட யாராவது இருந்தார்களா என்று எழுதுங்கள். இதை மட்டும் கேட்கிறேன். கிணற்றைப் பற்றி இனி கேட்கமாட்டேன்.

இத்துடன் கொஞ்சம் ஏலக்காய் அனுப்பியிருக்கிறேன். இவர் கடைசியாகத் தன் கையால் உலர்த்தியது. பச்சை நிறம் போகவில்லை பாருங்கள்.

செல்வலட்சுமி


வடகரப்பதி
6 மார்ச் 2025

அன்புள்ள அம்மிணிக்கு,

காய் வந்தது. நல்ல காய்.

மருந்தை நானே கண்ணாடியைப் பார்த்துப் போட்டுக்கொண்டேன். பாதி கன்னத்தில் வழிந்தது. கருப்பாத்தாள் மாடு கறக்க வருகிறபோது மீதியைப் போட்டுவிட்டாள். நீ கேட்டதற்காகச் சொல்கிறேன். வேறு யாரும் கேட்கவில்லை, நான் யாருக்கும் சொல்லவும் இல்லை.

கிராம சபையில் நடந்ததைச் செங்கோட்டையன் உனக்குப் பெருக்கிச் சொல்லியிருப்பார். நான் மேடை ஏறவில்லை. இருந்த இடத்தில் எழுந்து நின்றேன், அவ்வளவுதான். உன் தாள் இல்லை என்பதால் உன் அப்பாவின் ஆதாரத்தைப் படித்தேன். பொறுப்பாளர் வேறு, உடையவர் வேறு என்று சொன்னேன். "பெரியம்மா, நீங்கதானே முன்னே ஒருத்தர்னு சொன்னீங்க?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஆமாம், நான்தான் சொன்னேன், இப்போது சரியாகச் சொல்கிறேன் என்றேன். சிலர் சிரித்தார்கள். பூபதிராஜாவின் சித்தப்பா எழுந்து, "நானும் மெம்பரும் ஒரே ஆளுன்னா, அவன் வாங்குற சம்பளத்துல பாதி எனக்கு வரோணுமில்ல?" என்று கேட்டதும் எல்லோரும் என்னை விட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். பழைய தாளைக் கிழித்தாயிற்று.

அடுத்த நாள் மௌனிகா வந்து வாக்கியங்களைத் திருத்தினாள். விதியை மாற்றியது போதாதாம். இனி எந்தக் காரணத்தாலும் இருவரையும் ஒன்றாக்கிவிடாதபடி, மயிலாத்தாளும் செல்வலட்சுமியும் வேறு வேறு ஆட்கள் என்று ஒரு வாக்கியம் தனியாக எழுதிவைப்பது நல்லதாம். சொல்லாவிட்டால் அதற்குத் தெரியாது. "நீங்களே தட்டுங்கம்மா" என்று கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிவைத்தாள். நீ வேறு, நான் வேறு என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தவள்தான் நான். ஆனால் அன்றைக்கு அதைத் தட்டக் கொஞ்ச நேரம் பிடித்தது. கண் சரியில்லை என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.

பிறகு மறுபடி ஓடவிட்டாள். இதை நீ தெரிந்துகொள்ளவேண்டும், மறைக்கமாட்டேன். ஒரே முறை என்று இருந்தபோது, மழை குறைந்த வருஷத்தில்கூட என் தோப்பு தாண்டிவிடும் என்று வந்தது. இரண்டு முறை என்றதும், அதே மழையில் கிணறு பங்குனியிலேயே அடி தட்டுகிறது. தென்னை பிழைக்கும். என் வாழை பிழைக்காது. மௌனிகா தப்பு செய்தவள் போல என்னைப் பார்த்தாள். இது உன் தப்பில்லை, கிணறு அவ்வளவுதான் ஊறும், முன்னால் ஓட்டியபோதும் அவ்வளவுதான் ஊறியது, அதில் பாதி அடுத்தவளுடையது என்பதுதான் கம்ப்யூட்டருக்குத் தெரியாமல் இருந்தது என்றேன். வாழையை இந்தத் தாரோடு நிறுத்தச் சொல்லிவிட்டேன். அந்த இடத்தில் உளுந்து போடலாம். வாழைக்கு நீ வருத்தப்பட்டு ஏதும் எழுதவேண்டாம். வாழை தின்ன இங்கே நான் ஒருத்திதான்.

மோட்டார் ரூமுக்கு இரண்டாவது சாவி வெட்டிச் செங்கோட்டையனிடம் கொடுத்தாயிற்று. பொறுப்பு என்னுடையது. சாவி இருவருடையது.

இன்னும் ஒரு வாக்கியம் பாக்கி. இந்தக் கோடையிலிருந்து உன் நிலத்தில் எத்தனை பேர் குடியிருப்பார்கள் என்று மௌனிகாவுக்குத் தெரியவேண்டும். குடிக்கவும் குளிக்கவும் எடுக்கும் தண்ணீரை அதை வைத்துத்தான் கணக்குப் போடுவார்களாம். நான் கேட்டேன், பதில் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று. எழுதிவைத்த வாக்கியங்கள் வரைக்கும் பிரச்சினை இல்லையாம். சொல்லாததை அது இல்லை என்று எடுத்துக்கொள்வதில்லை, தெரியாது என்று வைத்துக்கொள்ளும். ஆனால் ஓடவிடும்போது அந்த இடம் காலியாக இருந்தால் ஆள் இல்லை என்று போட்டுவிடும். நீங்களே ஒரு எண்ணைச் சொல்லுங்கம்மா, அவங்க உங்க சொந்தம்தானே என்றாள். அவளுக்காக நான் பதில் சொல்லமுடியாது, அவள் வேறு ஆள், நீதானே அப்படி எழுதவைத்தாய் என்றேன்.

மே மாதத்துக்குள் இரண்டு அறை எழும்பாது. கொத்தனார் இப்போது வந்தாலும் ஆவணி ஆகும். அதுவரை இந்த வீட்டில் மேற்கு அறை இருக்கிறது. தரை சமம், படி இல்லை, முழங்காலுக்குத் தொந்தரவு இருக்காது. சுருளிவேலுக்குக் காலையில் என்ன பழக்கம், காபியா, டீயா? இந்த வீட்டில் டீத்தூள் இல்லை. வாங்கிவைக்கவேண்டும் என்றால் முன்கூட்டித் தெரியவேண்டும்.

யாரும் உங்களை வா என்று சொல்லவில்லை என்று அவர் சொன்னதாக எழுதியிருந்தாய். நான் சொல்கிறேன். இருவரும் வாருங்கள்.

போனில் வேண்டாம். போனில் நீ சரி என்று சொன்னாலும் என்ன நினைத்துச் சொன்னாய் என்று நான் யோசித்துக்கொண்டே இருப்பேன். வருகிறீர்களா, எந்தத் தேதியில் என்று உன் கையால் எழுதி அனுப்பு.

மயிலாத்தாள்